மேடு முழுக்கக் குச்சி நட்ட கந்தசாமி அண்ணன்

செய்தி வந்தபோது நான் மேட்டில் ஒழுகும் தண்ணீர்க் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விடுதியின் ஜீப் டிரைவர் கீழே நின்று, "கந்தசாமி அண்ணன் தவறிட்டாருங்க" என்றார். காலையில் என்னோடு டீ குடித்தவர் எப்படித் தவறுவார் என்று எரிந்து விழுந்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் செடி கிடைக்குமா என்று பார்க்கச் சேலத்துக்குப் புறப்பட்ட அண்ணன், அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் விடுதிக்கு அரிசி முதல் பல்பு வரை எல்லாம் வாங்கிப்போடுவது அவர் பொறுப்பு. செடிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. "எனக்குக் கீரையும் செடிதான், மரமும் செடிதான் சாமி" என்று அவரே சொல்வார். தோட்டக்கலை படித்தவன் நான். மனிதர்களைத் தெரிந்தவர் அவர். இருவரும் ஒரே வேலையில் மாட்டினோம்.

விடுதிக்குப் பின்னால் ஒரு பெரிய மேடு, மொட்டையாக. அதைத் தோட்டமாக்க வேண்டும் என்றார் சென்னையில் இருக்கும் முதலாளி. கொடுத்த பணம் அதில் கால்வாசிக்குக்கூடக் காணாது. ஆடிக்குள் மேடு நிறையாவிட்டால் வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். காண்ட்ராக்டர் சொந்த ஆட்களோடு வருவார். அப்படியானால் எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும், பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்துப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காப்பி எஸ்டேட்டில் வருஷம் முழுக்க வேலை கிடையாது. அவர்களைக் கூட்டிவந்து சேர்த்தவர் அண்ணன். முதலாளி பேசி முடித்ததும் அண்ணன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

முதலில் அவர் செய்தது பெரிய சொதப்பல். சமவெளி நர்சரி ஒன்றில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு வண்டி நிறைய டேபிள் ரோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது கொளுத்தும் வெயிலில் பூக்கிற செடி. எங்கள் மேட்டில் பாதி நாள் பனிமூட்டம், மீதி நாள் ஓரத்துச் சவுக்கு மரங்களின் நிழல். "இதெல்லாம் செத்த செடிங்க அண்ணா. விஷயம் அதுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்" என்றேன்.

"ஏஞ்சாமி, இறக்கி வெக்கறதுக்குள்ளயே கருமாதியா?" என்றார்.

எல்லாம் அழுகின. அதன் பிறகுதான் குச்சிக்கு வந்தோம். செம்பருத்தி, காகிதப்பூ, பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா எல்லாமே முற்றிய குச்சியை வெட்டி நட்டால் வேர் விடக்கூடியவை. செலவில்லை. ஆனால் ஒரு மேட்டுக்கு வேண்டிய குச்சிக்கு எங்கே போவது? அதற்குத்தான் அண்ணன் இருந்தார். டவுனில் அவருக்குத் தெரியாத வாசல் இல்லை.

இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கிய செடி தழையாது, திருடி வைத்ததுதான் தழைக்கும். அதனால் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கேட்காமல் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். அண்ணன் வாசலில் நின்று, "ஏனுங்கம்மா, உங்க ஊட்ல திருட வந்திருக்கறோம்" என்பார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு, "நான் பாக்கல போங்க" என்று உள்ளே போய்விடுவார். எங்கள் தோட்டப் பெண்கள் கொல்லையில் குச்சி வெட்டுவார்கள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து காப்பி குடிப்பார். ஒரு வீட்டில் விவரம் தெரியாத கணவர், "கொல்லையில யாரு?" என்று கத்தினார். "திருடனுங்கதான், நீங்க உக்காருங்க" என்றார் அண்ணன்.

நடும்போது அவரும் கை வைத்தார். பாதியைத் தலைகீழாக ஊன்றினார். நான் பிடுங்கித் திருப்பி நட்டுக்கொண்டே திட்டினேன். "அதுக்குத் தெரியாதா மேல எது கீழ எதுன்னு" என்று அடுத்ததையும் அப்படியே ஊன்றினார்.

நட்டு முடித்தபின் மேடு பார்க்க விறகுக் கடை மாதிரி இருந்தது. முதலாளி போனில் கேட்கும்போதெல்லாம், "காடாயிருச்சுங்க" என்பார் அண்ணன். பொய் சொல்லாதீர்கள் என்றேன். "பொய்யில்ல சாமி. கொஞ்சம் முன்கூட்டியே சொல்றேன்." சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நெசமாலுமே வந்துருமில்ல? வரலீன்னா அந்தப் புள்ளைங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றார். தெரியாது என்றேன். தெரியாததை வேறு எப்படிச் சொல்வது?

அவர் உடல் வீட்டு வாசலில் கிடத்தப்பட்டிருந்தபோது, தோட்டப் பெண்களில் மூத்தவரான பழனியம்மாள் என் பக்கத்தில் வந்து, "குச்சியெல்லாம் துளுத்துருச்சுங்க தம்பி. அது காடாறதப் பாக்க அவருக்குத்தான் குடுத்து வெக்கல" என்று அழுதார். துளிர்த்ததை நானும் பார்த்திருந்தேன். குச்சி தன்னிடம் இருக்கும் சத்தை வைத்தே இலை விடும், வேர் இருக்கிறதென்று அதற்கு அர்த்தமில்லை, சத்து தீர்ந்தால் கருகும் என்றேன். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எழவு ஊட்லயாச்சும் அந்த வாயைச் சித்த மூடி வெக்கக் கூடாதா?"

துக்கம் விசாரிக்க வந்த முதலாளி மறுநாள் மேட்டுக்கும் வந்தார். "கந்தசாமி காடாயிடுச்சுன்னு சொன்னாரே, பிடிச்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். பெண்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணனாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பார். எனக்கு வரவில்லை. "இலை வந்திருக்கு. வேர் தெரியாது" என்றேன்.

முதலாளி குனிந்து ஒரு ஹைட்ரேஞ்சியாவைப் பிடுங்கினார். சுலபமாக வந்தது. வேர் இல்லை. அடியில் மட்டும் வெட்டுவாய் வெளுத்து, சோற்றுப் பருக்கை மாதிரி தடித்திருந்தது. "இது வேருக்கு முன்னாடி வர்ற தடிப்புங்க. இதுக்கப்புறம் வேர் வரலாம், வராமலும் போகலாம். ஆவணி முடிஞ்சாத்தான் சொல்ல முடியும். இடையில யாரும் தொடக் கூடாது" என்றேன். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். பழனியம்மாள் குறுக்கே வந்து நின்றார். "போதுங்க சாமி. எல்லாத்தையும் புடுங்கிப் பாத்தா எது நிக்கும்?"

முதலாளி நிமிர்ந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "ஆவணி வரைக்கும் பார்ப்போம்" என்று இறங்கிப்போனார்.

அண்ணா, உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தியாக என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. நேற்றிலிருந்து மழை. முதலாளி பிடுங்கிப் போட்ட குச்சியைப் பழனியம்மாள் அதே குழியில் மறுபடி நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். தொடுவதில்லை. போய் வாருங்கள்.