அந்த வெள்ளை லென்ஸ் திலகவதியுடையது அல்ல

திருவானைக்காவலில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்த பசுமாடு வாசற்படி ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. மாடு ஒருவழியாக உள்ளே போன பிறகு எடுத்துப் பார்த்தேன். எங்கள் போட்டோகிராபர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிளெக்ஸ் டிசைன் வந்திருந்தது. மேலே சிவப்பில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே ஒரு பெண், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை லென்ஸ், கிரிக்கெட் மைதானத்து போட்டோகிராபர்கள் தூக்கிப் பிடிப்பார்களே அந்த விலையுயர்ந்த வகை. யாரோ வெளியூர்க்காரர் போல என்று மூடப் போனேன். அப்போதுதான் பெயர் கண்ணில் பட்டது. திலகவதி.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடன் வாழ்ந்த தங்கை அமுதா ஆட்டோவுக்கு ஓடித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபது வருடங்களாக அவர் போட்டோ, நான் வீடியோ என்று ஒரே மண்டபங்களில் வேலை பார்த்தோம். அழுகை முதலில் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆயுள் முழுக்க அந்த மாதிரி லென்ஸ் வேண்டாம் என்று ஊரோடு சண்டை போட்டவரின் கையில், செத்த சில மணி நேரத்திலேயே அதையே சொருகிவிட்டார்கள். அந்தப் படத்தோடு அவரை அனுப்பி வைக்க நான் தயாராக இல்லை. இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திலகவதி பாலக்கரைக்காரர். கல்யாணமான சில வருடங்களிலேயே கணவரை இழந்தவர். ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலையில் சேர்ந்து, கேமராவைக் கற்றுக்கொண்டு, தனியாக வெளியே வந்தார். குள்ளமான உருவம், கனத்த குரல். என்னை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார். நான் 'மேடம்' என்பேன். "எந்த ஆபீஸுக்கு பாய் நான் மேடம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் முதன்முதலில் சேர்ந்து வேலை பார்த்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்துக் கல்யாணம். அப்போது அவரிடம் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. கிட்டத்திலிருந்து கூட்டம் முழுவதையும் எடுக்க ஒன்று, தூரத்து முகத்தை இழுத்து எடுக்க இன்னொன்று. மணப்பெண் வைதேகி அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தார். அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்த திலகவதி, அதை நெருக்கத்தில் எடுக்க வேண்டும் என்று முதல் லென்ஸைக் கழற்றினார். அந்த நொடியில் 'கெட்டிமேளம்' என்று யாரோ குரல் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஒரு முடிச்சு, நாத்தனார் அடுத்த முடிச்சுகள். எல்லாம் நடந்து முடிந்தபோது திலகவதியின் ஒரு கையில் வாய் திறந்த கேமராவும் இன்னொரு கையில் லென்ஸும் இருந்தன.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: "அதனால என்ன, இன்னொரு தரம் கட்டறாப்ல கைய வச்சுண்டு நில்லுங்கோ. எடுத்துக்கட்டும்."

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். மோதிரம் மறுபடி போடச் சொல்வோம், மாலையை மறுபடி மாற்றச் சொல்வோம். தாலியையும் விட்டுவைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பெண்ணின் அப்பா மடியிலிருந்து பெண்ணை இறக்காமலே சொன்னார்: "பெருமாளுக்கு ஒரு தரம், போட்டோக்கு ஒரு தரமா? திருமாங்கல்யம் ஒரு தரந்தான்."

மண்டபமே திலகவதியைப் பார்த்தது. பிளாஷ் வேலை செய்யவில்லை, கார்டு நிறைந்துவிட்டது என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் நேராகச் சொன்னார். "ஐயா சொல்றதுதான் சரி. தப்பு என்னோடது. நான் லென்ஸ் மாத்திக்கிட்டு இருந்தேன். மறுபடி கட்ட வேணாம்." என் வீடியோவிலும் நாத்தனாரின் முதுகுதான் விழுந்திருந்தது. வைதேகியின் ஆல்பத்தில் அந்த இடம் இன்றுவரை காலிதான்.

கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "பாய், இனிமே வேலை நடக்கிற இடத்துல நான் கேமராவைத் திறக்க மாட்டேன்." ஏதோ வருத்தத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே கேமரா கடைக்குப் போனோம். செல்வராஜ் அண்ணனும் அங்கே இருந்தார். பிற்பாடு எங்கள் சங்கத் தலைவரானவர். கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் லென்ஸ்களை வரிசையாக அடுக்கி, இது இருட்டுக்கு, இது முகத்துக்கு, இது தூரத்துக்கு என்று விளக்கிக்கொண்டே போனார். திலகவதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல எதை மாட்டினா நான் வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்ட வேண்டாம்?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கி, கிட்டத்துக்குப் பதினெட்டு, தூரத்துக்கு இருநூறு என்று ஒன்றிலேயே திருப்பிக்கொள்ளும் ஒரு ஜூமை எடுத்து வைத்தார். சுற்றுலா போகிறவர்கள் வாங்குவது என்றார். செல்வராஜ் அண்ணன் சிரித்துவிட்டார். "ஏங்க, இதை மாட்டிக்கிட்டு கல்யாண மண்டபத்துக்குள்ள போனா கேட்டரிங் ஆளுன்னு நினைப்பாங்க."

திலகவதி அதைத் தன் கேமராவில் மாட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போனார். மலைக்கோட்டை உச்சியை இழுத்துப் பார்த்தார். அப்படியே நின்ற இடத்தில் குனிந்து, படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்களை எடுத்தார். திரும்பி வந்து செல்வராஜ் அண்ணனிடம் கேட்டார்: "அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள நீங்க எத்தனை லென்ஸ் மூடி தேடுவீங்க?"

அதன் குறைகள் தெரியாமல் வாங்கினார் என்று யாரும் சொல்ல வேண்டாம். கடையிலேயே அவர்தான் அடுக்கினார். ஓரத்தில் நிற்பவர்களைக் கொஞ்சம் வளைத்துக் காட்டும். முழுக்க இழுத்தால் கூர்மை குறையும். இருட்டில் திணறும். கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தால் லென்ஸ் தானாக நழுவி நீண்டுகொள்ளும். அந்த நழுவலுக்கு சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி இறுக்கி மாட்டினார். இருட்டுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, அலங்காரக்காரர்களோடு சண்டை. மேடைக்கு ஊதா விளக்குப் போடுபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பொண்ணு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கா, டியூப் லைட்டைப் போடுங்கய்யா" என்று கத்துவார், போடுகிற வரைக்கும் நகர மாட்டார்.

அந்த லென்ஸ் வந்த பிறகு அவர் தாலிகட்டுக்கு மேடை ஏறுவதை நிறுத்தினார். நம் ஊர்க் கல்யாணங்களில் தாலி கட்டும் நேரத்தில் வந்தவர்களுக்குத் தெரிவது எங்கள் முதுகுகள்தான். திலகவதி கீழே, சொந்தக்காரர்கள் நடுவே, ஓரமாக ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று இழுத்து எடுப்பார். அவருடைய படங்களில் அட்சதை வீசுகிற கைகளும் எட்டிப் பார்க்கிற தலைகளும் சேர்ந்தே விழும். என்னையும் விடவில்லை. "பாய், உங்க முதுகைப் பாக்கவா அவங்க நாக்பூர்லேருந்து டிக்கெட் போட்டு வந்தாங்க?" என்று கேட்டு என்னையும் ஓரத்துக்குத் தள்ளினார். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் எனக்கும் அதுவே பிடித்துப்போனது.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், "அவங்களே புரிஞ்சுக்கிட்டு மேடைக்கு வராம ஒதுங்கி நிக்கிறாங்க பாருங்க" என்று பாராட்டுகிற தொனியில் என்னிடம் சொன்னார். கணவரை இழந்தவர் என்பதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. திலகவதியின் காதிலும் விழுந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக மேடை ஏறினார். லென்ஸைப் பதினெட்டுக்குத் திருப்பி, மணமக்களுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று, முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை எடுத்து முடித்த பிறகுதான் இறங்கினார். இறங்கி வந்து அந்த அம்மாளிடம் சொன்னார்: "நான் ஒதுங்கி நிக்கிறதில்லைங்க. அங்கேருந்து நல்லாத் தெரியுது, அதான்." எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு அவர் மேடையில் நின்று தாலிகட்டு எடுத்ததில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து காசி யாத்திரை போகும் கோஷ்டிகளுக்கும் அவர்தான் போட்டோகிராபர். மற்றவர்கள் முதுகில் மூட்டையோடு போவார்கள். இவர் கழுத்தில் ஒரு கேமராவோடு போவார். படித்துறையில் வழுக்குகிற பெரியவர்களைப் பிடிக்க இன்னொரு கை சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சமயபுரம் பாதயாத்திரையிலும் அப்படித்தான். மஞ்சள் தண்ணீரும் புழுதியும் பறக்கிற சாலையில் செல்வராஜ் அண்ணன் லென்ஸ் மாற்றப் போய், கேமராவுக்குள் தூசி புகுந்து, அன்று எடுத்த படமெல்லாம் ஒரே இடத்தில் கரும்புள்ளி. அம்மன் முகத்திலும் புள்ளி, அமைச்சர் முகத்திலும் புள்ளி.

அதே சாலையில் திலகவதி ஒரு படம் எடுத்தார். வெயிலில் பாதம் வெந்துபோன மனைவிக்கு, கணவர் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து, முழுக்க இழுத்து எடுத்தது. கிட்டப் போயிருந்தால் அந்த மனிதர் கூச்சப்பட்டு நிறுத்தியிருப்பார். சங்கக் கண்காட்சிக்குக் கொடுத்தபோது கூர்மை போதாது என்று திருப்பிவிட்டார்கள். திலகவதி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கண்காட்சி அரங்குக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், மாஸ்டரிடம் கேட்டு, பாய்லருக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கண்காட்சி முடிந்து வருடங்கள் ஆகியும் அந்தப் படம் அங்கேயே இருக்கிறது. புகை பிடித்துவிட்டது, ஆனால் டீ குடிக்க வருகிறவர்கள் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. போன ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் இருவரும் வேலையில் இருந்தோம். தள்ளுமுள்ளு. புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் பெண்களின் கூட்டம். அங்கே ஒரு பெண் திலகவதியின் கையைப் பிடித்து நிறுத்தினார். அடையாளம் தெரியச் சற்று நேரமானது. வைதேகி. பக்கத்தில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கயித்த நீங்க கட்டி விடுங்கோ."

"நானா? வேணாம்மா. பெரியவங்க யாரையாவது கட்டச் சொல்லு."

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் திலகவதியின் தாலியில்லாத கழுத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க கட்டக் கூடாதும்மா, நான் கட்டறேன் குடு" என்று கை நீட்டினார்.

வைதேகி கயிற்றைக் கொடுக்கவில்லை. "என் கழுத்துல யார் கட்டணும்னு நான் சொல்றேன் மாமி" என்றார். பிறகு திலகவதியிடம் திரும்பி, "அன்னிக்கு எங்கப்பா இன்னொரு தரம் கட்டக் கூடாதுன்னு சொன்னார். நீங்களும் அதுக்கு ஒத்துண்டேள். எனக்கு உங்களைத் தவிர வேற யாரும் தோணலை" என்றார்.

யாருக்கும் பயப்படாத திலகவதி அன்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் பிடிங்க பாய். தண்ணி படாமப் பாத்துக்குங்க."

நான் இரண்டு படி மேலே ஏறினேன். இழுத்துப் பார்த்தேன். வைதேகியின் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் கைகள், கூட்டத்தின் நடுவே நிமிர்ந்த அந்த முகம். எடுத்தேன். கொஞ்சம் கூர்மை குறைவுதான்.

இப்போது பிளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான் பாலக்கரை போய்ச் சேர்ந்தபோது வெள்ளை லென்ஸ் பிளெக்ஸ் தெருமுனையில் கட்டியாகிவிட்டது. வாசலில் அமுதா என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே கேட்டார்: "அக்கா கையில இருக்கறது யாரோடது பாய்? எங்க வீட்ல அப்படி ஒண்ணு இல்லையே."

செல்வராஜ் அண்ணனிடம் போனேன். டிசைன் செய்தவர் மரியாதைக்காகத்தான் பெரிய லென்ஸ் வைத்தார் என்றார். கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அண்ணன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் நான் ஸ்டூல் போட்டு ஏறி, நான்கு கயிறுகளையும் அறுத்து இறக்கினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது. என் போனில் இருந்த ஆடிப்பெருக்குப் படத்தைச் செல்வராஜ் அண்ணன் போனுக்கு அனுப்பினேன்.

வெகுநேரம் பார்த்தார். "பாய், இதுல கேமராவே இல்லையே. லென்ஸ் எங்க? போட்டோகிராபர்னு எப்படித் தெரியும்?"

"எடுத்தது மேடத்தோட லென்ஸ்தாண்ணே" என்றேன்.

அண்ணன் டிசைன் செய்தவருக்குப் போன் போட்டார். சாயங்காலம் உடலை எடுப்பதற்குள் புதுப் பிளெக்ஸ் வந்துவிட்டது; கயிறு கட்ட அவரும் ஒரு பக்கம் பிடித்தார். திலகவதிக்குக் கீழே வேறு முகங்கள் வேண்டாம் என்று சங்க நிர்வாகிகளின் வட்டப் படங்களை எல்லாம் அவரே நீக்கச் சொல்லியிருந்தார்.

ஊர்வலம் கிளம்பியபோது எல்லோரும் முன்னால் போய்ப் படம் எடுக்க முண்டினார்கள். நான் போகவில்லை. வந்தவர்கள் உங்களைப் பார்க்கட்டும் என்று ஓரமாக, ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கேயிருந்து நன்றாகத் தெரிந்தது. போய் வாருங்கள் மேடம்.