கழுவி வைத்த கிளாஸ்

அந்த பாரில் பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்பவருக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் தாழ்ப்பாள் அக்கா. உள்ளே மூன்று அறைகள். கடைசி அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருடமாகிறது. மேனேஜர் கண்ணில் படும்போதெல்லாம் அவர் அதைத்தான் கேட்பார். மேனேஜர் சும்மா "சாப்பிட்டீங்களா அக்கா" என்று கேட்டால்கூட, சாப்பிட்டேன் என்ற பதிலோடு தாழ்ப்பாளும் சேர்ந்து வரும். "சொல்லியிருக்கேன் அக்கா, வந்துட்டே இருக்கு" என்பார் மேனேஜர். இரண்டு வருடமாக அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாட்டி மாட்டியே முதுகு போய், இப்போது வீட்டில் சமையலும் புலம்பலுமாக இருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். காலை பத்து மணிக்கு வேலைக்கு வந்தால், அரை மணிக்கொரு தடவை தரையைத் துடைத்து, சோப்பு நிரப்பி, கதவின் பின்னால் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நேரம் கைகழுவும் தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்தே மனிதர்களை அளந்துவிடுவார். யார் அழ வருகிறார்கள், யார் போன் பேச வருகிறார்கள், யார் வெளியே இருக்கிற கூச்சல் தாங்காமல் இரண்டு நிமிடம் சுவரில் சாய வருகிறார்கள் என்பதெல்லாம் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் இப்படித்தான் உள்ளே வந்து தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வெளியே ஒருவன், "என் ஃப்ரெண்டுதாங்க, ஓவராயிடுச்சு, நான் வீட்ல விட்டுடறேன்" என்றான். பார்த்தால் கண்ணியமான ஆள். அக்கா ஒரு பக்கம் தாங்கி, அவன் ஒரு பக்கம் தாங்கி, காரில் ஏற்றினார்கள். கார்க் கதவைச் சாத்தியதே அக்காதான். பத்து நாள் கழித்து அந்தப் பெண் பகலில் தனியாக வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "அன்னைக்கு நான் இங்கேயிருந்து எப்படிப் போனேன்?" என்று கேட்டாள்.

"உங்க ஃப்ரெண்டு கூட்டிட்டுப் போனாரேம்மா."

"நான் தனியாத்தாங்க வந்தேன். எனக்கு அப்படி ஃப்ரெண்டு யாரும் இல்லையே" என்றாள் அவள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சொல்லாததைப் புரிந்துகொள்ள அவருக்கு வயது போதும். அன்றிரவு சோற்றை மூடி வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். மேல் வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி, "இனி இப்படி ஒண்ணு நடந்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "மயங்கினவங்களை விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீங்க. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. இல்லேன்னா வாந்தி வந்து மூச்சை அடைச்சிடும். காப்பி, தண்ணி, எதுவும் வாயில ஊத்தாதீங்க. தானா பேச முடியாதவங்களை யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அவங்க குடிச்ச கிளாஸை அப்படியே எடுத்து வைங்க. ஆஸ்பத்திரியில சீக்கிரமா யூரின், ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. சில மருந்து சில மணி நேரத்துல தடமே இல்லாம போயிடும்."

அக்கா அதை மனப்பாடமாக்கிக்கொண்டார். அது தேவைப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு.

மேல் மாடிகளில் இருக்கிற அலுவலகங்களிலிருந்து ஆட்கள் இறங்கிவரும் நேரம். நாலு மணிக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கண்ணாடி பார்த்து மை சரிசெய்துகொண்டாள். "இன்னைக்கு எனக்குப் பதவி உயர்வு அக்கா" என்று, கேட்காமலேயே சொன்னாள். "நல்லா இரும்மா" என்றார் அக்கா. நிதானமான நடை, தெளிவான பேச்சு.

அரை மணி நேரம் கழித்து அதே பெண் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "கால் என்னோடது மாதிரியே இல்ல" என்றாள். அடுத்த சொல் குழறியது. முழங்கால் மடிந்தது. அக்கா பாய்ந்து பிடித்து, மெதுவாகத் தரையில் இறக்கினார். சுத்தமான துண்டுகளை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது. கன்னத்தைத் தட்டினால் மட்டும் லேசாக முனகினாள்.

வெளியே கதவு தட்டப்பட்டது. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "உள்ள எங்க ஆபீஸ் பொண்ணு இருக்கா. கொஞ்சம் கூட்டிட்டு வந்து விடுங்க, டாக்சி சொல்லிட்டேன்."

அக்கா குனிந்து அந்தப் பெண்ணின் காதருகே கேட்டார். "வெளியே உங்க ஆபீஸ்காரர் இருக்கார்மா. அவர்கூடப் போறியா?"

பெண்ணின் விரல்கள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தன. தலை இல்லை என்று ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதும்.

"அவங்களால நடக்க முடியல. ஆம்புலன்ஸ் வரட்டும்" என்றார்.

"ஆம்புலன்ஸா? ரெண்டு கிளாஸ் குடிச்சதுக்கா? நீங்க யாருங்க முடிவு பண்ண?"

"ரெண்டு கிளாஸ்தானே? அதான் ஆம்புலன்ஸ்."

கதவைச் சாத்தி, தன் போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு கதவை ஒரு விரல் அளவு திறந்து, பாருக்குள் ஊற்றிக்கொடுக்கும் பையனைக் கூப்பிட்டார். பையன் என்றால் முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆனால் அக்காவுக்கு அவன் பையன்தான். "தம்பி, அந்தப் பொண்ணு குடிச்ச கிளாஸை யாரும் தொடாம எடுத்து வை." "சரிக்கா" என்று ஓடினான்.

அடுத்து மேனேஜர் வந்தார். பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் வரக்கூடாது என்று அவரே எழுதி ஒட்டிய பலகை அவரைத் தடுத்து நிறுத்தியது. வாசலில் நின்றபடியே பல்லைக் கடித்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை அதுவுமா வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா எவன் உள்ள வருவான்? கூட வந்தவர் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு? ஒரு கடுங்காப்பி கொடுங்க, தெளிஞ்சிடும்."

"வாயில ஊத்தக் கூடாது சார்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கேன்."

இருபத்தைந்து நிமிடம் அக்கா தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. திரையில் "அக்கா" என்று வந்தது; அவள் கூடப்பிறந்தவள். எடுத்து விஷயத்தைச் சொன்னார்.  அந்தப் பக்கத்திலிருந்து, "எவ்வளவு குடிச்சா அவ?" என்ற கோபமான குரல்.

பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் முதலில் கேட்பது ஏன் இதையே என்று அக்காவுக்கு எரிச்சல் முட்டியது. "அதை அப்புறம் திட்டலாம்மா. இப்போ நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார்.

ஸ்ட்ரெச்சர் வந்தபோது நீலச் சட்டையைக் காணவில்லை. டாக்சியும் இல்லை. அக்கா ஆம்புலன்ஸில் ஏறும் முன் பையனிடம் கிளாஸைக் கேட்டார். அவன் பெருமையாக ஒரு துணியில் சுற்றி நீட்டினான். பளபளவென்று இருந்தது.

"நல்லா கழுவி, துடைச்சு, பத்திரமா எடுத்து வச்சிருக்கேன் அக்கா."

அவனை அடிப்பதா, தன் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தொடாமல் எடுத்து வை என்றால், மற்றவர்கள் தொடாமல் என்று அவன் புரிந்துகொண்டிருக்கிறான். பத்து வருடமாகக் கிளாஸைப் பார்த்தால் கழுவித்தான் அவன் கைக்குப் பழக்கம். எரிந்து விழுந்து என்ன பயன்?

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "குடிச்சிருக்காங்க, தூங்கினா சரியாயிடும்" என்றார்.

"ரெண்டு கிளாஸ்தான் சார். நாலு மணிக்கு என்கிட்ட நல்லா பேசினாங்க. ஏதோ கலந்திருப்பாங்கன்னு தோணுது. யூரின், ரத்தம் எடுத்துப் பாருங்க சார்."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

"அந்த பார்ல பாத்ரூம் பார்த்துக்கிறேன்."

டாக்டரின் முகம் ஒரு கதவு மாதிரி மூடிக்கொண்டது. "சொந்தக்காரங்க வரட்டும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா அவர் பின்னாலேயே போய் இன்னும் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை காவலாளி வந்து அவரை வெளியே உட்காரச் சொன்னார். பெண்ணை நர்ஸ் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதால் அக்கா நகர்ந்தார். இல்லாவிட்டால் நகர்ந்திருக்க மாட்டார்.

கூடப்பிறந்தவள் ஏழரைக்கு வந்து சேர்ந்தாள். முதல் பத்து நிமிடம் அக்காவையே குற்றவாளி மாதிரி விசாரித்தாள். பிறகு தங்கையின் கண்ணைப் பார்த்ததும் அவள் குரலே மாறிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் சாம்பிள் எடுக்கப்பட்டது. அப்போது மணி ஒன்பதரை. நாலரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே ஓடிப்போன ஐந்து மணி நேரத்தை அக்கா மனசுக்குள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதையே நான் அஞ்சரை மணிக்குச் சொன்னேனேம்மா" என்றார். கேட்க ஆளில்லை.

பெண் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்று தகவல் வந்தது. பன்னிரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவும் வந்தது: எதுவும் கண்டறியப்படவில்லை.

"ஒண்ணும் போடலைன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அவங்க தேடினப்போ இல்லைன்னுதான் அர்த்தம்" என்றார் மேல் வீட்டு நர்ஸ். ஆனால் தாளில் அப்படி எழுதியிருக்கவில்லையே. பாரில் கேமரா இருந்ததே என்று கேட்டால், அது கல்லாப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு வாடிக்கையாளர்மேல் சந்தேகம் கிடையாது. வேலைக்காரர்கள்மேல்தான்.

போலீசுக்குப் போகலாமா என்று கூடப்பிறந்தவள் கேட்டபோது அந்தப் பெண் மாட்டேன் என்றுவிட்டாள். அதைச் சொல்ல அவளே அக்காவுக்குப் போன் செய்தாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல அக்கா. உங்க கை மட்டும்தான் ஞாபகம் இருக்கு. நான் போய் என்னன்னு எழுதிக் கொடுக்கிறது? வேற கிளைக்கு மாத்தல் கேட்டிருக்கேன்."

போம்மா, எழுதிக் கொடு, நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. நாக்கு நுனிவரை வந்தது. அவன்தான் கலந்தான் என்று அவராலும் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும், உதவி செய்ய வந்தவன் ஆம்புலன்ஸ் என்றதும் ஏன் ஓடினான்? கடைசியில், "உனக்கு எப்போ தோணுதோ அப்போ சொல்லும்மா, நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். வைத்த கையோடு வாளியை ஓங்கி ஒரு உதை விட்டார். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"நீ கழுவற இடத்துல போய் நியாயம் கேட்கிறே" என்றார் வீட்டுக்காரர், விரலுக்கு எண்ணெய் போட்டபடி.

"எங்கேதான் கேட்கச் சொல்றீங்க?"



ஒன்றரை மாதம் போயிருக்கும். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் நீலச் சட்டை மறுபடி வந்தான். அன்று வெள்ளைச் சட்டை. கூட இரண்டு ஆண்கள், ஒரு பெண். அக்கா நேராக மேனேஜரிடம் போனார். "சார், அவர்தான்."

"எவர்?"

"அன்னைக்கு..."

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க? அக்கா, அவர் கஸ்டமர்."

அக்கா திரும்பிப் போய்த் துடைப்பத்தை எடுத்தார். மஞ்சள் நிற "ஈரத் தரை" பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நட்டுவைத்தார். துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். அவர்கள் மேசை மாறினார்கள். பலகையும் மாறியது. முக்கால் மணி நேரத்தில் அந்த பாரில் அந்த நாலு பேரின் காலடி மட்டும் கண்ணாடிபோல மின்னியது. அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே போனில் ஏதோ வேலை வந்துவிட்டவன் மாதிரி குனிந்துகொண்டான்.

கூட வந்த பெண் கழிப்பறைக்கு வந்தாள். "ஏங்க, எங்க டேபிளையே சுத்திச் சுத்தி வர்றீங்க?"

"உங்க கிளாஸை மேசையிலேயே விட்டுட்டு வந்தீங்களாம்மா?"

"ஆமா."

"போனதும் அதைக் குடிக்காதீங்க. புதுசு வாங்கிக்கோங்க. யார் கூட வந்திருந்தாலும் சரி."

"என்ன பேசறீங்க நீங்க? எல்லாரும் என் கூட வேலை செய்யறவங்க!" முகம் சிவந்து வெளியே போனாள். நேராக மேனேஜரிடம்தான் போனாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கையசைப்பெல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் கிளம்பிப் போனது. பெண் தனியாக வேறு டாக்சியில் ஏறினாள்.

கிளாஸ் கழுவிய பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா, அந்தப் பொண்ணு உங்களைத் திட்டிட்டே வந்து, அந்த கிளாஸைத் தள்ளி வச்சிட்டு என்கிட்ட புதுசா ஒண்ணு கேட்டுச்சு."

"தள்ளி வச்ச கிளாஸ் எங்கே?"

அவன் முகம் தொங்கியது. அவன் கை இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் மெமோ கொடுத்தார். அக்கா கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்தது, பணி நேரத்தில் தேவையில்லாமல் தரையைத் துடைத்தது.'" கண்ணாடியைக் கழற்றினார். "துடைக்கலைன்னா மெமோ கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். துடைச்சதுக்கு மெமோ வாங்கினவ நீ ஒருத்திதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் ரெண்டு மெமோ வந்தா வேலையிலிருந்து தூக்கிடுவாங்களாம்" என்றார்.

"அவன் மறுபடி வந்தா?"

அக்கா தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "குழம்பு ஊத்துங்க. காலையில சீக்கிரம் போகணும். தரை துடைக்கிற மருந்து தீர்ந்துடுச்சு, நிறைய வாங்கி வைக்கணும்" என்றார்.