எங்க நைனா ராணிக்கோட்டை ஏறிட்டாரு

போன வருஷம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்ச எங்க நைனா, இன்னிக்குக் காலைல செஞ்சி ராணிக்கோட்டை உச்சியில நின்னாரு!

பஜார்ல எங்களுக்குப் பாத்திரக்கடை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கப்புறம் நைனாவுக்கு நாலு எட்டு நடக்கவே பயம். எழுந்தாலும் அம்மா விடமாட்டாங்க. "நீங்க உக்காருங்க, நான் எடுக்கறேன்."

போன வாரம் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு டாக்டர் சிரிச்சாரு. "நல்லா இருக்கீங்க. இனிமே உக்காந்தே இருந்தாதான் பிரச்சினை. தினம் நடங்க. மெதுவா மலைகூட ஏறலாம்."

அதான் கிளம்பிட்டோம். அம்மா மாத்திரை, தண்ணி எல்லாம் பையில போட்டுக்கிட்டுக் கூடவே வந்தாங்க.

பாதி வழியில, "இன்னாங்க, மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டாங்க.

கேட்டவங்களுக்குத்தான் வாங்குச்சு!

நைனா பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டு, அம்மாவை நிழல்ல உக்கார வெச்சு, துண்டால விசிறினாரு.

"ஒரு வருஷமா என்னைப் பாத்துக்கிட்டியே, உன் உடம்பைப் பாத்தியா? இந்த வாரமே உனக்கு பிரஷர், சுகர் எல்லாம் பாக்கறோம்."

அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு ஏறிட்டாங்க.

மேல காத்து அள்ளிக்கிட்டுப் போச்சு. "இனிமே ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டேன்னு நெனச்சேன்டி!"ன்னு நைனா கத்தினதுல பக்கத்துல இருந்த குரங்கெல்லாம் ஓடிடுச்சு.

நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் தினம் காலைல வாக்கிங் போறாங்களாம். கடையை நான் திறக்கணுமாம்.

அப்போ நான் எப்பதான் நடக்கறது, நீங்களே சொல்லுங்க?