டெரன்ஸ் ஹெட்ஃபோன் போட்டிருக்கவில்லை

டெரன்ஸ் இறந்த செய்தி என்னிடம் ஒரு பொய்யோடு சேர்ந்துதான் வந்தது. வியாழக்கிழமை மாலை, ஏழு மணிக்குச் சற்று முன். வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்குக் கடல் பக்கமாக நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "காலி வீதி மஞ்சள் கடவையில் ஒருவர் பஸ் அடித்து இறந்துவிட்டார். காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கடந்தவராம். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்." கீழே பத்துப் பதினைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். என்ன மனிதர்களோ, பாட்டுக் கேட்டுக்கொண்டா றோட்டைக் கடப்பது என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன். அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்கு அந்த அழைப்பு வந்தது.

கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு மாத நினைவுப் பூசைக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பூசை முடிந்து கத்தோலிக்கக் கோவில் வாசலில் பற்றிஸும் கோப்பியும் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கதைத்தது என் காதில் விழுந்தது. "நல்ல மனுசன், ஆனா ரோட்டில கவனமில்ல." "எந்த நேரமும் அந்த கேம் சத்தத்துக்குள்ளேயே இருந்தா இப்படித்தான்." ஒருவர் தன் மகனைப் பிடித்து இழுத்து, "பாத்தியா? இதுக்குத்தான் சொல்றது" என்றார். செத்த மனிதனின் பூசையில் வைத்தே அவனைப் புத்திமதிக்கு உதாரணமாக்கிவிட்டீர்கள். இந்த அஞ்சலி உங்களுக்காகத்தான். கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஒன்பது வருடங்கள் நானும் டெரன்ஸும் ஒரே அறையில் வேலை செய்தோம். வெளிநாட்டுக் கம்பனிகள் தயாரிக்கும் வீடியோ கேம்களுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பது எங்கள் ஸ்டூடியோவின் தொழில். டெரன்ஸ் ஒலிகளை உருவாக்கி, எது எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கேட்க வேண்டும் என்று தீர்மானிப்பார். நான் புரோகிராமர், அவர் சொன்னதை விளையாட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பேன். திரையில் தெரிவது முன்னால் இருப்பது மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் கதவு திறப்பதும், மேல்மாடியில் ஒருவன் நடப்பதும் ஒலியால்தான் தெரியவேண்டும். "கண்ணுக்கு முன்னுக்கு இருக்கிறத மத்தவன் வரைவான் தர்ஷி. பின்னுக்கு இருக்கிற உலகத்த நாமதான் கட்டணும்" என்பார். முதல் வருடம் அதை நான் ஒரு தொழிற்பெருமைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வேலை முறை எங்களுக்கெல்லாம் வேடிக்கை. புதிய விளையாட்டு ஒன்று வந்தால் முதலில் செய்வது கணினியைத் திறப்பதல்ல. கூட்ட அறையில் சுழல் நாற்காலி ஒன்றைப் போட்டு, எங்களில் ஒருவரை உட்காரவைத்து, பிலோமினாவின் பழைய சால்வையால் கண்ணைக் கட்டுவார். பிலோமினா அவருடைய மனைவி. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் சுற்றி நடந்து, சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கி, "நான் எங்க?" என்று கேட்பார். நாங்கள் கையை நீட்டிக் காட்டுவோம். பெரும்பாலும் பிழையாகக் காட்டுவோம். இடம், வலம் பிழைக்காது; முன்னா, பின்னா என்பதில் தடுமாறிவிடுவோம். நேர் முன்னால் நின்று சாவியைக் குலுக்குவார், நான் முதுகுப் பக்கம் கையைக் காட்டுவேன். அறையே சிரிக்கும். டெரன்ஸ் மட்டும் சிரிக்காமல் எங்கள் பிழைகளை ஒரு பயிற்சிக் கொப்பியில் வட்டம் வட்டமாக வரைந்து குறித்துக்கொள்வார். கணக்காளர், தேநீர் ஊற்றும் அக்கா, கூரியர் கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் அந்த நாற்காலி விட்டுவைக்கவில்லை.

அந்த மனிதருக்கு இடக்காது கேட்காது.

ஓம், கேட்காது. கொஞ்சம் மந்தம் என்பதல்ல, முழுவதும் இல்லை. ஏழு வயதில் கன்னம் வீங்கி வந்த கூகைக்கட்டோடு போனது. இது பிலோமினாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்களில் வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது, கோவிலில் இருபது வருடம் பக்கத்தில் இருந்து பாடியவர்களுக்குக் கூடத் தெரியாது. அப்படி மறைத்து வைத்திருந்தார்.

எனக்குத் தெரியவந்தது ஒரு நாயால். இருண்ட கட்டடம் ஒன்றில் தொலைந்த நாயை, அது குரைக்கும் திசையை வைத்தே தேடிப்போகும் விளையாட்டு அது. நாங்கள் அனுப்பிய மூன்றாம் நாள் வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து நக்கலாக ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் நாய் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் குரைக்கிறது, பின்னாலேயே போனவர்கள் எல்லோரும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேலாளர் என்மேல் பாய்ந்தார், புரோகிராமரின் பிழை என்று. டெரன்ஸ் எழுந்து, "அது என்ட பிழை, அவங்கள ஒண்டும் சொல்லாதீங்க" என்றார். இடமும் வலமும் மாறுவது முதல் நாள் பழகுநர் விடும் பிழை. இவர் எப்படி விட்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அன்று மதியம் கடற்கரைத் தண்டவாளப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் சொன்னார். இடப்பக்க ஒலியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பிப் போடுவாராம், இடப்பக்கக் கிண்ணம் அவருடைய நல்ல காதுக்கு வரும்படி. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே அந்த ஒரே காதால் கேட்டு, எது எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு மங்குகிறது என்று எழுதி, இரண்டையும் மூளைக்குள் சேர்த்துப் பார்ப்பாராம். நாய்க் காட்சியை முடிக்கும்போது திருப்பிப் போட்ட ஹெட்ஃபோனை மறுபடி நேராக்க மறந்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, ஆத்திரம். "ரெண்டு காதும் சேர்ந்துதான் திசை சொல்லும். ஒரு காதோட இருந்துகொண்டு எங்களுக்கெல்லாம் திசை காட்டுறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். ரெண்டு காது உள்ளவங்க எங்க ஏமாறுவாங்கன்னு உங்க யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கு எந்தச் சத்தமும் வலப்பக்கம்தான் தர்ஷி. அதனால நான் ஒரு சத்தத்தையும் நம்புறதில்ல, அளந்து பாக்குறன்."

"அப்ப இதைச் சொல்லவேண்டியதுதானே? ஏன் ஒளிக்கிறீங்கள்?"

"கேக்காத காதுக்கு யாரு இந்த வேலை தருவாங்க? நாளைக்கே என்னைத் தூக்கிட்டு எழுத்து வேலைக்குப் போடுவாங்க. சத்தியம் பண்ணுங்க, சொல்லமாட்டன்னு."

சத்தியம் பண்ணினேன். அடுத்த நாள் என் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுபோய் அவருடைய ஹெட்ஃபோனின் வலப்பக்கக் கிண்ணத்தில் பெரிதாக ஒரு புள்ளி வைத்தேன். "இனி இது எந்தப் பக்கம் இருக்குதெண்டு பார்த்திட்டு அனுப்புங்கோ" என்றேன். பிறகு அவர் கையிலிருந்து ஒரு நாயும் பிழையான பக்கம் குரைக்கவில்லை.

அவருடைய காதுக்கு ஏற்றபடி எங்கள் நடையும் மாறியது. கதைத்துக்கொண்டு போகும்போது நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம். காலி வீதி வந்ததும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு இடப்பக்கம் மாறுவேன். அந்தப் பக்க வாகனத்துக்கு நான்தான் காது. கடந்து முடிந்ததும் மறுபடி வலப்பக்கம் வருவேன். "இப்ப சொல்லுங்க" என்பார், விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். அலுவலகம் தரைப்பக்க ஒழுங்கையில், கொட்டாஞ்சேனைக்குப் போக அவர் பஸ் பிடிப்பதும் என் வீடும் கடல் பக்கத்தில். ஆகவே ஆறு வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு வேலை நாளும் இப்படித்தான் கடந்தோம். தெருவில் அவர் ஹெட்ஃபோன் போட்டு நான் ஒருநாளும் கண்டதில்லை. அலுவலகத்தை விட்டு இறங்கும்போதே அதைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். "இருக்கிறது ஒண்டு, அதையும் நானே மூடவா?" என்று ஒருமுறை சிரித்தார்.

இப்போது ஸ்டூடியோவின் அஞ்சலிக் கூட்டத்துக்கு வருகிறேன். மேலாளர் ஆங்கிலத்தில் பேசினார். ஒலிக்குள் தன்னையே மறந்த கலைஞனாம். கடைசி நிமிடத்திலும் ஒலிக்குள் மூழ்கியிருந்தாராம். கேட்பதற்கு அழகாக இருந்தது, எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். சுவரில் பெரிதாக அவர் படம், காதில் ஹெட்ஃபோனோடு, கண்ணை மூடிச் சிரித்தபடி. அதே படத்தை ஸ்டூடியோ இணையத்திலும் போட்டது, அது ஊரெல்லாம் சுற்றியது. ஹெட்ஃபோன் கதையை முதலில் சொன்னது அவரை அடித்த பஸ்காரன்தான்; தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப் பொய் சொன்னான். நாங்கள் அதற்குப் படமும் ஒட்டிக் கொடுத்தோம். இதில் கேவலம் என்னவென்றால், அந்தப் படத்தை எடுத்ததும் நான், நல்ல படமாக ஒன்று அனுப்பு என்று கேட்டபோது அனுப்பியதும் நான்.

கூட்டம் முடிந்த கையோடு மஞ்சள் கடவைக்குப் போனேன். அதற்கு நேரே ஃபோன் உறைகள் விற்கும் கடைக்காரரை நானா என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

"நான் ரெண்டு கண்ணாலயும் பாத்த, மகள். பாதி றோட்டுத் தாண்டிட்டாரு. ஒரு பஸ் அவருக்காக நிண்டுட்டான். பின்னால வந்தவன் நிக்காம அதை வெட்டிக்கொண்டு வந்தான். ஹோர்ன் அடிச்சான் மகள், நல்லா அடிச்சான். இவரு ஏனோ மத்தப் பக்கம் திரும்பினாரு. பஸ் இடப்பக்கம் வருது, இவரு வலப்பக்கம் பாத்துக்கொண்டு பின்னுக்கு ஒரு அடி வெச்சாரு. அது ஏனெண்டுதான் எனக்கு இண்டைக்கும் விளங்குதில்ல."

"காதில ஏதும் போட்டிருந்தவரோ நானா?"

"அல்லாவே, ஒண்டுமில்ல. பைய நான்தான் எடுத்து வெச்ச. உள்ள துவாய்ல சுத்தினபடி இருந்திச்சு."

எனக்கு விளங்கியது. அந்த ஹோர்ன் அவருக்குக் கேட்டது. எல்லாச் சத்தமும் போல அதுவும் வலப்பக்கம்தான் கேட்டது. அலுவலகத்தில் என்றால் நம்பியிருக்கமாட்டார், அளந்து பார்த்திருப்பார். மஞ்சள் கடவையில் நின்ற பஸ்ஸை வெட்டிக்கொண்டு வந்தவன் அளக்க நேரம் கொடுக்கவில்லை. கவனமில்லாமல் இருந்தவன் டெரன்ஸ் இல்லை. அவன்தான்.

சத்தியம் இருந்ததால் பிலோமினாவிடம் போனேன். கதவைத் திறந்ததும் அவரே தொடங்கினார். "ஹெட்ஃபோன் போட்டுட்டுப் போய் செத்தாருன்னு என் அம்மா கூட நம்புறாங்க தர்ஷி. நீங்க சொல்லுங்க எல்லாருக்கும். உசிரோட இருக்கிறப்ப வேலை போயிரும்னு பயம். இனி என்ன போறதுக்கு இருக்கு?" உள்ளே போய்த் துவாயோடு அந்த ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

ஆகவே சொல்கிறேன். உங்கள் ஃபோனில் அந்தப் படம் இன்னும் இருக்கும், எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி அவருடைய இடக்காதில் இருக்கிறது. வலக்காதில் இருக்கவேண்டிய புள்ளி. ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டு, உங்கள் இடக்காதுக்குப் போகவேண்டிய ஒலியைத் தன் ஒரே காதால் கேட்டுப் பார்க்கிறார். அவருடைய கவனக்குறைவுக்கு அத்தாட்சி என்று நீங்கள் பகிர்ந்த படம் இதுதான். மேலாளருக்கும் ஒன்று சொல்லவேண்டும்: உங்கள் ஸ்டூடியோவுக்குப் பெயர் வாங்கித்தந்த வேலை அத்தனையும் ஒரு காது கேட்காதவர் செய்தது. அதைப் பயமில்லாமல் சொல்ல ஓரிடத்தை நீங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை, ஒளிக்கத்தான் உதவினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஏசினால் நானும் பொய்க்காரிதான். அந்த வியாழக்கிழமை ஆறரை மணிக்கு டெரன்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார். "வாறீங்களா?" என்று கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் போங்கோ, எனக்கு இது முடியேல்ல" என்றேன். அது அன்று முடியாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அடுத்த நாள் பத்து நிமிடத்தில் வேறொருவர் முடித்தார்.

ஹெட்ஃபோன் என் மேசையில் இருக்கிறது. புள்ளி கொஞ்சம் உரிந்துவிட்டது, அதன்மேல் புதிதாகப் பூசமாட்டேன். காலி வீதியை இப்போதும் அந்த மஞ்சள் கடவையில்தான் கடக்கிறேன், என் வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. கடல் பக்கம் சேர்ந்ததும் கால் தானாக மாறி நிற்கிறது, அவர் "இப்ப சொல்லுங்க" என்பதற்காக.

சொல்லிவிட்டேன், டெரன்ஸ்.