பகலில் படுக்காதவர்

அத்தையின் நெற்றியிலும் மூடிய கண்களிலும் ஈரமண் வைத்த துணிப்பட்டை கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு துளி நீர் காதோரம் இறங்கியது. உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில், கோடை மதியத்தில் என் மாமியார் படுத்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வாழ்நாளெல்லாம் பிறர் கழனியில் நாற்று நட்டவர் அவர். ஒருநாள் தலை சுற்றி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இரத்தக் கொதிப்பு என்றார்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே யோகாவும் இயற்கை மருத்துவமும் பார்க்கும் இளம் டாக்டரம்மா உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார். மண்பட்டியும், படுத்தபடி மூச்சைக் கவனிக்கும் சவாசனமும் கற்றுக்கொடுத்தார். "இதெல்லாம் மாத்திரையோட சேத்துதான். மாத்திரைய நிறுத்திடாதீங்க" என்று சொல்லியும் அனுப்பினார்.

அத்தை மாத்திரையை விழுங்கினார், கருவாட்டையும் விட்டார். படுக்கத்தான் மறுத்தார். "சேத்துலயே கெடந்த ஒடம்புக்கு மண்ணு வெக்கணுமா? பட்டப்பகல்ல பொம்பள படுத்துக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்?" நானும் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த பிறகே இணங்கினார்.

மண்ணின் குளிர்ந்த வாசனை அறையை நிறைத்தது. தொலைவில் கழனி மோட்டார் ஓடும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நேரம் எங்கோ நின்றுவிட்டதுபோல் இருந்தபோது அவர் பேசினார்.

"கண்ண மூடினா பயமா கீதும்மா. உங்க மாமா இப்டித்தான், செத்த நேரம் படுக்கறேன்னு மத்தியானம் படுத்தாரு. எய்ந்திருக்கவே இல்ல."

நான் மணமாகி வந்த நாள்முதல், பகலில் கண்ணயர்ந்தால் அதட்டி எழுப்பிவிடுவார். அதற்குள் இப்படியொரு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. துழாவி அவர் கையைப் பிடித்தேன். "நான் பக்கத்துலதான் கீறேன் அத்த. மெதுவா மூச்சு வுடுங்க."

மாதங்கள் போகப்போக இரத்த அழுத்தம் இறங்கியது. மாத்திரையாலா, மண்ணாலா, மூச்சாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அத்தை இப்போது மாகறலில் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்; அங்கும் மதியம் படுக்கிறாராம். இங்கே என்னை எழுப்ப ஆளில்லை. ஆனாலும் உறக்கம் வரும் வேளையில் ஒரு பிற்பகல்தான் நினைவுக்கு வருகிறது.

அன்று அவருக்கு முன்பே நான் தூங்கிவிட்டேன். பாதி விழிப்பில், வாசலில் யாரிடமோ அவர் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. "அப்பால வாம்மா. மருமவ தூங்குது." பிறகு காலடிச் சத்தம் உள்ளே வந்தது. என் மூக்கருகே அவர் விரல் நீண்டு, சற்றுநேரம் அசையாமல் நின்றது. மூச்சு வருகிறதென்று தெரிந்துகொண்டவர், என்னை எழுப்பாமலே போனார்.