சிறுகுறிஞ்சான் தின்ற நாட்கள்

கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஐந்தரைக்கு நாகலாபுரத்தில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். திருப்பதி டாக்டர் காலைக்கும் ராத்திரிக்கும் மாத்திரை எழுதினார். வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். நான் மாத்திரையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் கொத்தனார். சுவர் உறுதியாக நின்றாலும் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மாத்திரைக்கும் ஒரு முட்டுக் கொண்டுவந்தார். யாருடைய வேலியிலிருந்தோ அறுத்த கொடி.

"சிறுகுறிஞ்சான், மே. சக்கரக்கொல்லின்னும் சொல்வாங்க. தெனம் நாலு எல துன்னு."

"டாக்டர கேக்க வாணாமா?"

"கேட்டா வாணாம்னுவாரு. அப்புறம் எப்டி துன்றது?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்த இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பு தெரியாது. கணவர் முதலில் தானே மென்று, ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தார். "மண்ணு" என்றார். மிகுந்த திருப்தி.

இரண்டாவது வாரம், யாருக்கோ குழந்தை பிறந்ததென்று கேன்டீனில் கேசரி போட்டார்கள். நான் இலை மென்றுவிட்டுப் போயிருந்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டதாகச் சமையல்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வாய் தின்றார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவரும் ஒரு வாய் தின்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதன்பின் சில நாட்கள், ஒரு பெட்டியில் பாக்கெட் குறைகிறது என்று நான் சொன்னால் வேறு யாராவது மறுபடி எண்ணினார்கள்.

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. இன்னும் இறங்கட்டும் என்று இலையை ஆறாக்கினேன்.

ஒருநாள் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸில் மாத்திரையை விழுங்கினேன். டீ இடைவேளையில் டீக்குப் பதில் இலை. அரை மணி நேரத்தில் கை நடுங்கியது. ஏசியில் நின்றபோதும் வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் வேலை செய்பவள் என்னை முதலுதவி அறைக்குத் தாங்கிக்கொண்டு போனாள்.

அங்கிருந்த நர்ஸ் பூதலப்பட்டுக்காரி. விரலில் குத்திப் பார்த்தவள், சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் கலக்கினாள். ஒரு வாய் குடித்து, டம்ளரைத் தள்ளினேன்.

"இது வெறும் தண்ணி."

"மூணு ஸ்பூன் போட்டிருக்கேன்மா, குடி."

"பொய் சொல்ற."

இன்னும் இரண்டு ஸ்பூன் போட்டாள். அதுவும் தண்ணீர்தான். இவர்களெல்லாம் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நர்ஸ் தானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தெலுங்குக்கு மாறி, என்ன தின்றேன் என்று கேட்டாள். "ஏமி தின்னாவு நுவ்வு?"

பக்கத்தில் வேலை செய்பவள் என் பையைத் திறந்து இலைகளை மேசைமேல் வைத்தாள்.

"பொடபத்ரி!" என்றாள் நர்ஸ். தெலுங்கில் அதற்கு அதுதான் பெயர். "ருசி பாக்காத. மருந்துன்னு நெனச்சி குடி."

குடித்தேன். கால் மணி நேரத்தில் மேற்கூரை ஆடுவதை நிறுத்தியது. பயம் தாமதமாக, பஸ்ஸில் திரும்பும்போது வந்தது. சத்தியவேடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் கணவரோடு திருப்பதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எலையும் கொஞ்சம் எறக்கும், மாத்திரையும் எறக்கும்" என்றார் டாக்டர். "நீங்க சாப்பிடவும் இல்ல. எலதான் காரணம்னு நான் அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரியாம அத சாப்பிட்டா, நான் எழுதற அளவு தப்பாப் போயிடும்."

"அப்போ மாத்திரய வுட்டுட்டு எலய மட்டும் துன்னா?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டர் "கூடாது" என்றார்.

இலையை விட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவை மாற்றி எழுதினார். இப்போது பஸ்ஸில் நான்கு இட்லி தின்றுவிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன்.

போன வாரம் முன் சீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் சர்க்கரை.

"பாவக்கா பொடியக் கூடவா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"சொல்லணும்."

"வெந்தயம்?"

"எவ்ளோ துன்ற?"

அவள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். இறங்கும்போது, அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று கேட்டாள்.