கொசுவலையில் குறைந்த ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில், என் கால் கட்டைவிரல் நகம் கொசுவலையைக் கிழித்துவிட்டது. மட்டாஞ்சேரியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விபத்து என்று புரியும். மற்றவர்கள் ஒரு ராத்திரி வந்து தங்கிப் பார்க்கலாம்.

"விஜி, வலையில ஓட்டை விழுந்துடுத்து!"

என் மனைவி வந்தாள். ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஐம்பதை நெருங்கும் வயதில், வீட்டிலிருந்தபடியே எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். கிழிசலைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று போர்வைக்குள் பதுங்கினேன்.

"ஓட்டை விழலை. ஒரு ஓட்டை குறைஞ்சிருக்கு" என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. பரீட்சை டென்ஷனில் இப்படியெல்லாம் ஆகுமோ?

டென்ஷனுக்குக் காரணம் உண்டு. புதன்கிழமை அவளுக்கு ஆன்லைனில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அல்ஜீப்ராயிக் டோபாலஜி. ஏற்கெனவே ஒரு தடவை அதில் கோட்டை விட்டவள். இதுதான் கடைசி வாய்ப்பு. போன தடவை பதில் தெரியாமல் தோற்கவில்லை. சரியாகத்தான் சொன்னாள். கேட்டவர் "உறப்பாணோ?" என்றார். மலையாளத்தில் 'நிச்சயம்தானா?' என்று அர்த்தம். அவ்வளவுதான்... தொலைந்தது!

எங்கள் பாலக்காட்டுக் குடும்பங்களில் பெரியவர்கள் 'நிச்சயமா?' என்று கேட்டால் உடனே பின்வாங்குவதுதான் மரியாதை. கல்யாண வீட்டில் "சாம்பாருக்கு உப்பு போட்டாச்சு, நிச்சயமா?" என்று ஒரு மாமா கேட்கட்டும். போட்டவளே "இல்லை மாமா, பார்க்கறேன்" என்று இன்னொரு கைப்பிடி போடுவாள். சாம்பாரின் கதி என்ன ஆகும்? அதே மரியாதையோடுதான் விஜியும் சரியான பதிலை வாபஸ் வாங்கிக்கொண்டு, தப்பான ஒன்றைச் சொன்னாள்.

"அதெப்படி ஓட்டை குறையும்?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து, வலையில் சின்னதாக ஒரு சதுரத்தை விரலால் சுற்றிக் காட்டினாள். "இங்க பாருங்கோ. வரிசைக்கு மூணா ஒம்பது முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு ஓடற நூல் பன்னிரண்டு. முடிச்சுலேருந்து நூலைக் கழிச்சா மைனஸ் மூணு. இதாக்கும் ஆய்லர் எண். வலை ஒரே துண்டு. அந்த ஒண்ணுலேருந்து ஓட்டைகளைக் கழிச்சாலும் அதே மைனஸ் மூணு வரணும். அப்போ ஓட்டை எத்தனை?"

"நாலு." எண்ணியும் பார்த்தேன். நாலேதான்!

"நடுவுல ஒரு நூல் அறுந்தா? ஒம்பதுலேருந்து பதினொண்ணு போனா மைனஸ் ரெண்டு. ஓட்டை மூணு. ரெண்டு சின்ன ஓட்டை சேர்ந்து ஒண்ணாயிடுத்து. மனசிலாச்சா?"

இப்படிக் கண்ணை நம்பாமல் கணக்குப் போட்டு ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிற வித்தைக்கு ஹோமாலஜி என்று பெயராம்.

மனசிலாச்சு. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"நிச்சயமா?" என்றேன்.

முகம் வாடிவிட்டது. "இல்லே... நான் வேணா மறுபடி எண்ணி..."

"எண்ணவே வேண்டாம். தப்பு. கிழிஞ்சா ஓட்டை கூடத்தான் செய்யும். எந்தக் கொசுவை வேணும்னாலும் கேளு!"

"கொசு எண்ணிண்டா வரும்?"

"உன்னைவிட நன்னா எண்ணும்."

முட்டாளாக இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதை ஒருவருக்கு உபயோகமாகச் செய்தது அன்றைக்குத்தான். அவள் விளக்க விளக்க, நான் "நிச்சயமா? நிச்சயமா?" என்று அரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொங்கிவிட்டாள்.

"மண்டத்தரம் பேசாதீங்கோ! ஓட்டை பெரிசாறது வேற, எண்ணிக்கை கூடறது வேற. எனக்கு நிச்சயமாத் தெரியும். போறுமா?"

கூடவே தலையணையும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை. அவள் அறைக்குள் லேப்டாப் முன்னால். நான் வெளியே, மூடிய கதவில் காதை வைத்துக்கொண்டு. கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு, இரண்டு ஓட்டை வடைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்தது போல ஓர் உருவம்... அதன் மேற்பரப்புக்கு ஆய்லர் எண் என்ன?

"மைனஸ் ரெண்டு, சார்."

லேப்டாப்பில் ஒரு கனைப்பு. "உறப்பாணோ, டீச்சரே?"

காதைக் கதவோடு இன்னும் அழுத்தினேன். தெருவில் மீன்காரச் சேட்டனின் ஸ்கூட்டர் ஹாரன் மட்டும். நான் உள்ளே போய் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தது ஒன்பது முடிச்சு மட்டும்தானே...

"உறப்பாணு, சார்" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. "எந்துகொண்டு என்னு பறயட்டே?" என்று கேட்டாள். ஏன் என்று சொல்லட்டுமா என்று! அவர் சொல்லச் சொன்னதாகக்கூட எனக்குக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டாள்.

ரிசல்ட் வர நாளாகும் என்கிறார்கள். வரட்டும், எனக்கு அவசரமில்லை. நான் கேட்க வேண்டியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டுவிட்டேன்.